இடிந்த கோட்டையில் ஓர் அந்தி

சாயங்காலமானால் போதும், கிரீஸ் நாட்டின் சான்டோரினி தீவில், ‘ஈயா’ என்கிற சின்ன ஊரின் பழைய கோட்டை மேட்டில் கூட்டம் முண்டியடிக்கும். எதற்கு? சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க! இறங்கி முடித்ததும் கைதட்டல் வேறு.

அந்தக் கோட்டை ஏன் இடிந்து கிடக்கிறது என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

1956, ஜூலை 9. விடிகாலையில் பயங்கர பூகம்பம். கூடவே சுனாமி. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலி. ஈயாவில் கோட்டை சரிந்தது, வீடுகள் சரிந்தன. பிழைத்தவர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஏதென்ஸ் பக்கம் போய்விட்டார்கள்.

1970-களில்தான் அரசு சுற்றுலாத் துறை, பாழடைந்த குகை வீடுகளைப் பழுது பார்த்து விருந்தினர் விடுதிகளாக்கியது. இன்று அங்கே ஓர் இரவு தங்கினால் பர்ஸ் காலி!

அஸ்தமனத்துக்குக் கைதட்டுகிறவர்கள், காலுக்குக் கீழே கிடக்கும் கற்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். அவையும் ஓர் அஸ்தமனத்தின் மிச்சம்தானே!