நிமிடத்தால் அளந்த பராமரிப்பு

ஜேர்மனியில் நோயுற்ற முதியோரை மதிப்பிட வீட்டுக்கு வரும் அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு.

தொழில் அமைச்சர் நோர்பேர்ட் புளூம் முன்னின்று 1994 இல் நிறைவேற்றிய சட்டத்தால், 1995 ஜனவரி 1 இல் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. தொழில் வழங்குநரின் செலவை ஈடுசெய்ய, சக்சனி தவிர்ந்த மாநிலங்களில் ஒரு மத விடுமுறை நாளே கைவிடப்பட்டது. அன்று இருந்தவை மூன்று படிநிலைகள். முதலாம் படிக்கு நாளொன்றுக்குச் சராசரி 90 நிமிட உதவி தேவை. அதில் 45 நிமிடத்துக்கு மேல் உடற்பராமரிப்பாய் இருத்தல் வேண்டும். இரண்டாம் படிக்கு மூன்று மணித்தியாலம், மூன்றாம் படிக்கு ஐந்து. (தாயைக் குளிப்பாட்ட எத்தனை நிமிடம் என எம்மூரில் யார்தான் கணக்கிட்டனர்?)

இம்முறையால் பெரிதும் பாதிக்கப்பட்டோர் மறதிநோயாளர். கைகால் இயங்கும், ஆயினும் அடுப்பை அணைக்க மறப்பர், நள்ளிரவில் வெளியேறுவர். அவர்களைக் கண்காணிக்கும் நேரம் கணக்கில் சேரவில்லை. இடையிடையே சிறு உதவித்தொகைகள் சேர்க்கப்பட்டன, அளவுகோல் மாறவில்லை.

2017 ஜனவரி 1 இலேயே நிமிடக் கணக்கு நீங்கி ஐந்து தரங்கள் வந்தன. ஒருவர் எவ்வளவு தாமாக இயங்க வல்லவர் என்பதே இப்போது நோக்கப்படுகிறது. ஆறு துறைகளில் புள்ளியிடுவர்; தன்னைத் தானே பேணும் ஆற்றலுக்கு 40 வீதம். நூறில் 12.5 புள்ளிக்கு முதலாம் தரம், 27 க்கு இரண்டாம் தரம், 90 க்கு ஐந்தாம் தரம். வீட்டாருக்கான மாதாந்தப் பணம் இரண்டாம் தரத்திலிருந்தே கிடைக்கும்.

எமது அம்மாமாரோ, வந்தவர் விருந்தினர் என்றெண்ணி, வலியை மறைத்து எழுந்து தேநீர் ஊற்றுவர். அதுவும் மதிப்பீட்டில் பதிவாகிவிடும். தீர்ப்புப் பாதகமாயின், கடிதம் கிடைத்து ஒரு மாதத்துள் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம்.