அசையாத தரையைத் தேடின கதை

வீடியோ கேம் வரலாறு எழுதுற ஆக்கள் திரையைப் பற்றி எழுதுவினம், சிப்பைப் பற்றி எழுதுவினம். தரையைப் பற்றி எழுதுறது குறைவு. நாங்கள் இண்டைக்குத் தரையைப் பற்றித்தான் கதைக்கப் போறம்.

1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்ற இயந்திரத்தை ஆர்கேட்டுகளில் இறக்கியது. திரையில் அம்புக்குறிகள் மேலே ஏறும். பாட்டின் தாளத்துக்கு அவற்றைக் காலால் மிதிக்க வேணும். நாலு திசைக்கு நாலு தட்டு, உலோக மேடை, பின்னுக்குப் பிடிக்க ஒரு கம்பி. முழுசா எடுத்தால் நூற்றுக்கணக்கான கிலோ பாரம். எப்பிடிக் குதிச்சாலும் அசையாது.

அடுத்த வருசமே அது பிளேஸ்டேஷனில் வீட்டுக்கு வந்தது. பாட்டு வந்தது, அம்பு வந்தது, பாரம் மட்டும் வரேல்லை. அதுக்குப் பதிலாகக் கிடைச்சது சுருட்டி வைக்கக்கூடிய ஒரு விரிப்பு. உள்ளுக்குள் மின்கடத்தும் இரண்டு படலம், நடுவில் ஓட்டை போட்ட நுரை. மிதிச்சால் ஓட்டைக்குள்ளால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். கால் விரிப்பு ஒண்டும் புதுசில்லை. 1986இலேயே பண்டாய் நிறுவனம் ஃபமிகொம் கருவிக்கு ‘ஃபமிலி ட்ரெய்னர்’ என்று ஒன்றை வித்தது. பிறகு நின்டெண்டோ அதை அமெரிக்காவில் ‘பவர் பாட்’ என்ற பெயரில் வித்தது. அதில் ஓட்டப்பந்தயம் ஓடாமல், குந்தியிருந்து கையால் தட்டி வெண்ட பிள்ளைகளும் இருந்தினம்!

சிக்கல் பெரிசானது அமெரிக்க வீடுகளில்தான். அங்க பல வீடுகளின் வரவேற்பறையில் சுவரில் இருந்து சுவர் வரை கார்ப்பெட். எங்கட சீமெந்துத் தரையில் விரிப்பு வழுக்கும், அவ்வளவுதான். கார்ப்பெட்டில் அது அமிழும், சுருங்கும், நகரும். விளையாடுறவர் காலைப் பார்க்கிறதில்லை, திரையைத்தான் பார்ப்பார். அம்பு எங்க இருக்கு என்று அவரின்ர கால்தான் ஞாபகம் வச்சிருக்கும். விரிப்பு இரண்டு அங்குலம் தள்ளினால் அந்த ஞாபகம் பொய்யாகிப் போகும். மடிப்பு விழுந்த இடத்தில் உள்படலமும் கெதியாப் பழுதாகும். ஆர்கேட்டில் கஷ்டமான பாட்டுகளை ஆடி முடிச்ச ஒருத்தர், வீட்டில் சாதாரண பாட்டிலேயே தடுமாறுவார்.

விளையாடின ஆக்களே இதுக்கு வழி கண்டினம். விரிப்பை விடப் பெரிசா ஒரு பிளைவூட் பலகை வெட்டி, விரிப்பை இழுத்து அதில் ஒட்டுறது. சிலர் ஓரத்தைச் சட்டம் வச்சு ஆணியால் இறுக்கினவை. பலகை பாரத்தைப் பரத்தும், அதால் கால் அமிழாது. ஆனால் பலகையும் கார்ப்பெட்டில் மெல்ல மெல்ல நடக்கும். அதை மறிக்க அடியில் ரப்பர் வலை போடுறது, இல்லாட்டிச் சுவரோட முட்டக் குடுக்கிறது. இதுக்கு அடுத்த படி, பழைய கொன்ட்ரோலரைப் பிரிச்சு வயர் இழுத்து, பலகையும் தகடும் வச்சு மேடையையே சொந்தமாச் செய்யிறது. அளவும் படமும் போட்டு மற்ற ஆக்களுக்கும் குடுத்தவை.

நிறுவனங்கள் அதுக்குப் பிறகும் வந்தன. அமெரிக்காவின் கோபால்ட் ஃப்ளக்ஸ் பாரமான உலோக மேடைகளை வித்தது. ரெட் ஒக்டேன் நிறுவனம் உள்ளுக்குத் தடித்த நுரை வச்ச விரிப்புகளை வித்தது. அதே ரெட் ஒக்டேன்தான் 2005இல் ‘கிட்டார் ஹீரோ’வை வெளியிட்டது. விரிப்பு வித்த அனுபவம் இல்லாமல் அந்தப் பிளாஸ்டிக் கிட்டார் பிறந்திருக்குமா என்று எங்களுக்குச் சந்தேகம்தான். இதுக்கிடையில் ‘ஸ்டெப்மேனியா’ என்ற திறந்தமூல மென்பொருள் வந்து, கணினி இருந்தால் போதும் என்றாக்கியது. மேடையை மட்டும் எந்த மென்பொருளாலும் தர ஏலாது.

மாடிவீட்டுக்காரருக்கு இன்னொரு தொல்லை, கீழ்வீட்டுக்கு இடிக்கிற சத்தம். நுரை மெத்தையை விரிப்புக்கு நேர அடியில் வச்சால் சத்தம் குறையும், ஆனால் கால் திரும்பவும் அமிழும். அதால் மெத்தை கீழ, பலகை நடுவில, விரிப்பு மேல. இப்பவும் வீட்டில் மேடை போடுறவை இந்த ஒழுங்கில்தான் அடுக்குகினம்.