நடுக்கத்தை நிறுத்திய தவறு

இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அதில் அவர் வருணித்த நோயாளிகள் அறுவர். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டாரேயன்றி, தொட்டுச் சோதித்தாரில்லை. உற்று நோக்குதலுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இன்று அவர் பெயராலேயே வழங்கும் இந்நோயில், ஓய்ந்திருக்கும் கை தானே நடுங்கும், தசைகள் விறைக்கும், நடை குறுகும். முற்றினால், பிறர் ஊட்டினாலன்றி உண்ண இயலாத நிலையும் வரும். பலருக்கு அறிவு மட்டும் நெடுநாள் தெளிவாகவே இருக்கும். துன்பம் அதனாலேயே பெரிதாகிறது.

மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை செல்லும் நரம்புப் பாதையை அறுத்தால் நடுக்கம் நிற்கும் என்பதை அறுவை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தனர். நடுக்கம் நின்றது உண்மையே. கையின் வலுவும் உடன் போயிற்று! அமெரிக்காவில் ரஸ்ஸல் மையர்ஸ் 1939 முதல், மூளையின் ஆழத்திலுள்ள நரம்புக் கணுக்களில் கத்தி வைத்துப் பார்த்தார். வலுக் கெடாமலே நடுக்கம் குறைந்தது. ஆயினும் உயிரிழப்பு மிகுந்திருந்தமையால், அவ்வழியைப் பரிந்துரைக்க அவரே தயங்கினார்.

1952-இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்னும் இளம் மருத்துவர், ஒரு நோயாளியின் நரம்புப் பாதையை அறுக்க முற்பட்டார். வழியில் ஒரு சிறு தமனி கிழிந்து குருதி பெருகிற்று. தமனியைக் கவ்வி அடைத்துவிட்டு, கருதிய அறுவையைச் செய்யாமலே முடித்தார். நோயாளி பிழைப்பாரோ என்பதே அப்போதைய கவலை. அவர் கண் விழித்தபோது, எதிர்ப்புறக் கைகால்களில் நடுக்கமும் இல்லை, விறைப்பும் இல்லை; வலுவோ குறையவில்லை.

தமக்கு நேர்ந்த பிழையைக் கூப்பர் மறைக்கவில்லை, எழுதி வெளியிட்டார். அது பெருமைக்குரியது. ஆனால் அடுத்து அவர் செய்ததை நான் முழு மனத்துடன் பாராட்டமாட்டேன். அதே தமனியை வேறு நோயாளிகளுக்கும் வேண்டுமென்றே அடைத்தார். அது குருதியூட்டும் பகுதி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின் சிலர் நலம் பெற்றனர்; சிலர் பக்கவாதமுற்றனர்; சிலர் இறந்தனர்.

பின்னர் அவர் தமனியை விட்டு, ஆழத்திலுள்ள கணுக்களையே நாடினார். முதலில் சாராயத்தைச் செலுத்தி அவற்றை அழித்தார். காந்தியடிகளை இராட்டையுடன் 1946-இல் படமெடுத்த மார்கரெட் பூர்க்-வைட் அம்மையார், புகைப்படக் கருவியைப் பிடிக்கவேண்டிய கைகள் இந்நோயால் கெட, 1959-இல் கூப்பரிடம் சிகிச்சை பெற்றார். பயன் கிட்டியது, நோய் விட்டபாடில்லை. 1971-இல் அவர் மறைந்தார்.

1961 வாக்கில் கூப்பர் திரவ நைட்ரஜனைக் கையாண்டார். சற்றே குளிர்வித்தால் கணு தற்காலிகமாகச் செயலொழியும். விழித்திருக்கும் நோயாளி கையை உயர்த்திக் காட்டுவார். நடுக்கம் நின்று வலுவும் நிலைத்திருந்தால் மட்டுமே உறையவைத்து அழிப்பார்.

1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ், லெவோடோப்பா மருந்தைப் படிப்படியாக உயர்த்திப் பேரளவில் கொடுத்து வியத்தகு பலன் கண்டார். அறுவை ஏறக்குறையக் கைவிடப்பட்டது. ஆனால் ஆண்டுகள் செல்ல, பலருக்கு மருந்தின் பயன் ஏறியும் இறங்கியும் தடுமாறிற்று. உடல் தன் வசமின்றி நெளியலாயிற்று. ஆகவே மருத்துவர் மீண்டும் அறுவையை நாடினர்.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம்-லூயி பெனாபித் 1987-இல் ஓர் உண்மையைக் கண்டார். கணுவை அழிக்குமுன், சரியான இடந்தானா என்றறியச் சிறு மின்சாரம் செலுத்துவது வழக்கம். நொடிக்கு நூறு துடிப்பளவில் செலுத்தியபோது, அழிக்காமலே நடுக்கம் நின்றது! அழித்தல் ஏன் பயன் தந்தது என்பதற்கு விடை 1990-இல் கிட்டியது: நோயுற்ற குரங்குகளில் ஒரு சிறு கணு அளவு மீறி இயங்குவதையும், அதை அழித்ததும் அவை தேறியதையும் மாலன் டிலாங்கும் உடனிருந்தோரும் காட்டினர். 1993 முதல் பெனாபித் குழுவினர் மனிதரில் அக்கணுவுக்கே மின்சாரம் அளித்தனர்.

இன்று காறையெலும்பின் கீழ் தோலுக்குள் சிறு கருவியைப் பதித்து, மெல்லிய கம்பியால் மூளையோடு இணைக்கின்றனர். இது நோயை வேரறுப்பதன்று. மருந்தும் பெரும்பாலும் வேண்டும். கூப்பர் உறையவைத்த திசு மீளாது. இக்கருவியையோ வேண்டும்போது நிறுத்தலாம். நிறுத்தினால், சற்று நேரத்திலேயே அந்தக் கை மறுபடியும் நடுங்கத் தொடங்கும்.