தேனில் இட்ட இறைச்சி

பதுளையிலிருந்து மகியங்கனை செல்லும் பாதை தேயிலை மலைகளை விட்டிறங்கி, வறண்ட காட்டு நிலத்தை அடைகிறது. அங்கே தம்பானையில் வேடர் மக்களின் மரபுரிமை நிலையம் இருக்கிறது. வில், அம்பு, கோடரி, பழைய புகைப்படங்கள் ஆகியவற்றைக் காணப் பலர் வருகின்றனர். அவற்றின் முன் நின்று நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: உயிர் வளர்த்த கருவி ஏன் காட்சிப் பொருளாயிற்று?

வேடர் என்றதும், கிடைத்ததை அன்றே தின்று தீர்த்த கூட்டம் என எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியான தம் நூலில் அவர்களது இறைச்சிப் பாதுகாப்பு முறையைக் குறித்துள்ளார். மரத்தைக் குடைந்து தேன் வார்த்து, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கென வைத்திருந்தனர். தீயின்மேல் பரணிட்டு உலர்த்தும் வழக்கமும் இருந்தது. வெப்பமும் புகையும் ஈரத்தைக் குறைக்கின்றன. தேனின் மிகுந்த சர்க்கரை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களை வளரவிடாது தடுக்கிறது. களிமண் காற்றையும் பூச்சியையும் விலக்குகிறது. ஏட்டில் ஏறாத விஞ்ஞானம் இது. நாளைய பசியை இன்றே எண்ணிய மக்களின் சேமிப்பு இது.

இதே ஊவாவில் வேறொரு வேட்டையும் நடந்தது. 1840களில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றொஜேர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளைப் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. பொழுதுபோக்குக்காகக் கொன்றவருக்கு ஆலயம். பசிக்காகக் கொன்றவருக்குக் ‘காட்டுமிராண்டி’ என்ற பட்டம்!

சட்டமும் எவர் பக்கம் நின்றது? உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காட்டையும் சேனை நிலத்தையும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் முடிக்கு உரியதாக்கியது. மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தின் வறிய மக்கள் கொண்டுவரப்பட்டனர். காலனி ஆட்சி போன பின்னரும் கதை முடியவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் அந்த உழைப்பாளரின் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கியது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, வேடரின் பரம்பரை வேட்டை நிலம் அதனுள் அடங்கிற்று. பல குடும்பங்கள் ஹெனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமி தம்பானையை விட்டகல மறுத்தார். 1998இல் அவர் காலமானார்.

வனவிலங்கைக் காப்பது தேவையே. ஆனால் அவ்விலங்குகளோடு பல தலைமுறை வாழ்ந்தவரை வெளியேற்றித்தான் அதைச் செய்யவேண்டுமா? காட்டை அழித்தவர் கணக்குக் கேட்கப்படவில்லை; காட்டில் வாழ்ந்தவரே குற்றவாளியானார்.

பதுளை ஆசிரியர்கள் தம் மாணவரைப் புனித மாற்கு ஆலயத்துக்கும் தம்பானைக்கும் ஒருங்கே அழைத்துச் செல்லட்டும். இரண்டையும் கண்ட பிள்ளை, நாகரிகம் என்ற சொல்லுக்குத் தானே பொருள் தேடத் தொடங்கும்.