வண்ணம் பூசாத ஒத்தெல்லோ

ஒத்தெல்லோ என்றதும் பொறாமை என்னும் ஒற்றைச் சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். பாடக்குறிப்புகளும் அதையே சொல்கின்றன. ஊன்றிப் படித்தாலோ, பொறாமை பிற்பாடுதான் வருகிறது என்பதும், அதற்கு முன்பே நிறத்தைப் பற்றிய முன்முடிவு அங்கே குடியேறிவிட்டது என்பதும் புலப்படும்.

இத்தாலியரான சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து கரு எடுத்து ஷேக்ஸ்பியர் இயற்றிய இந்நாடகம், 1604 நவம்பர் 1 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனையில் நடிக்கப்பெற்றது. வெனிஸ் நகரப் பிரபுவான பிரபான்சியோ, மூர் இனத்துத் தளபதி ஒத்தெல்லோவை வீட்டுக்கு அழைத்து அவன் சாகசக் கதைகளைக் கேட்டு மகிழ்கிறார். மகள் டெஸ்டிமோனா அவனை மணந்தாள் என்றதும், மாந்திரீகம் செய்து மயக்கிவிட்டான் என்று வழக்குரைக்கிறார். அன்றிரவே துருக்கிக் கப்பல்கள் சைப்ரஸ் தீவை நோக்கி வருகின்றன. அவன் வாள் வேண்டியிருப்பதால் ஆட்சி மன்றம் திருமணத்தை ஏற்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு உரியவர் வாடகைக்கு வீடு கேட்டால் நம்மவர் முகம் மாறுவதை நாம் பார்க்காதவர்கள் அல்லர்.

இயாகோவின் வஞ்சகம் வேலை செய்வது இந்த இடத்தில்தான். தன் நாட்டானும் நிறத்தானுமான மாப்பிள்ளைகளை மறுத்து உம்மைத் தேர்ந்தவள், நாளை மனம் மாறமாட்டாளா என்று அவன் நயமாகக் கேட்கிறான். ஒத்தெல்லோவால் மறுக்க முடியவில்லை. நான் கறுப்பன் என்பதால்தானோ என்று தானே ஐயுறத் தொடங்குகிறான். ஊர் அவனைப் பற்றி நினைத்ததை அவனே நம்பிவிட்ட பிறகு, ஒரு கைக்குட்டை போதுமானதாகிவிடுகிறது.

நமக்கு இங்கே சிலம்பு நினைவுக்கு வராமல் இராது. கைக்குட்டைக்குப் பதில் காற்சிலம்பு, இயாகோவுக்குப் பதில் பொற்கொல்லன். அரசியின் ஊடல் தணிக்க விரைந்த பாண்டியன், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொணர்க என்று ஆராயாமல் ஆணையிடுகிறான். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கோவலனை நேரில் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுடையது அன்று என்று தயங்குகின்றனர். கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்தே பொற்கொல்லன் அவர்களைக் குழப்ப வேண்டியிருக்கிறது. கோவலனின் தோற்றம் சற்று நேரமேனும் அவனுக்குச் சாட்சி சொன்னது. ஒத்தெல்லோவின் தோற்றம் தொடக்கத்திலிருந்தே அவனுக்கு எதிர்ச்சாட்சி.

இந்த முன்முடிவு ஒருமுறை மேடையை விட்டிறங்கி அரங்கத்துக்குள்ளேயே வந்தது. கல்கத்தாவின் பார்க் தெருவில், இன்று தூய சவேரியார் கல்லூரி உள்ள இடத்தில், எஸ்தர் லீச் என்னும் நடிகை நிறுவிய சான் சூசி அரங்கு இருந்தது. ஆங்கிலேயர் நடித்து ஆங்கிலேயர் பார்த்த அரங்கு. 1848இல் அங்கே ஒத்தெல்லோவாக வைஷ்ணவ சரண் ஆட்யர் என்னும் வங்காளி அறிவிக்கப்பட்டார். டெஸ்டிமோனாவாக நடித்தவர் எஸ்தர் லீச்சின் மகளான திருமதி ஆண்டர்சன். அதுவரை வெள்ளையர் முகத்தில் கரிபூசி ஆடிய வேடம் அது. வண்ணம் பூசாத அசல் கறுப்பன் ஆடப்போகிறான் என்று ஏளனம் செய்யும் கடிதம் ஒன்று ஆங்கிலப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆகஸ்ட் 10 அன்று நாடகம் நடக்கவில்லை. உடன் நடிக்கவிருந்த படைவீரர்களை டம்டம் பிரிகேடியர் தடுத்துவிட்டார். கூடிய கூட்டம் கலைந்து சென்றது. பிரபான்சியோவின் கூக்குரலை மேடைக்கு வெளியே யாரோ எழுப்பியது போலிருக்கிறது, நமக்கு.

ஆயினும் ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, ஆட்யர் மேடையேறினார். செப்டம்பர் 12 அன்று மறுபடியும் ஏறினார். பெங்கால் ஹர்காரு இதழின் விமர்சகர் அவரது உடலமைப்பை மெச்சினார். ஆங்கில உச்சரிப்பும் ஒரு சுதேசிக்கு வியக்கத்தக்க அளவில் நன்றாக இருந்தது என்று எழுதினார். நாடகத்தின் முதல் அங்கத்தில் வெனிஸ் கோமகன் பிரபான்சியோவைத் தேற்றும்போது, உம் மருமகன் கறுப்பைவிட வெண்மையே மிகுந்தவர் என்ற பொருளில் ஒரு பாராட்டுச் சொல்லுவார். இரண்டும் ஒரே தராசில் நிறுத்த பாராட்டுகள்தாம்.