மணிமேகலை சாகவில்லை

கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது வேலை இருந்தால் இரவைக்கு வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் ஆசிரியர் அறை மேசைக்கு ஒரு கொப்பி வந்து சேர்ந்தது. முன்பக்கம் விஞ்ஞானக் குறிப்பு. திருப்பிப் பிடித்தால் பின்பக்கமிருந்து கதை. பிள்ளை யார், எந்த வகுப்பு என்று யாரும் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். இதை எழுதுவதற்கும் அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

துருக்கி நாடகம் எர்துருல் நம் வீடுகளில் எப்படி ஓடியது என்று நான் சொல்லத் தேவையில்லை. நோன்பு காலத்தில் இப்தாருக்குக் கஞ்சி ஆறிப்போகும் அளவுக்குப் பார்த்தவர்கள் இருக்கிறோம். அதில் எர்துருலின் மனைவி ஹலீமா இறந்துவிடுகிறாள். இந்தப் பிள்ளை அவளைச் சாக விடவில்லை. ஹலீமா பிழைத்து எழும்பி, எர்துருலோடு கோபித்து, திரும்பச் சேர்ந்து, முப்பத்தி நாலு பக்கம் போகிறது. தப்பான ஒரு வரி கிடையாது. காதல் இருக்கிறது, அவ்வளவுதான்.

"டீச்சர், இது லவ் கதை" என்றார் ஒருவர். "வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவம்" என்றார் இன்னொருவர். அந்த வாப்பாவை எனக்குத் தெரியும். கூப்பிட்டுக் காட்டினால் சாதாரண தரத்தோடு அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கும். "நான் பாத்துக்கொள்றேன்" என்று கொப்பியை என் பையில் வைத்துக்கொண்டேன். நான் எடுக்கும் பாடம் வரலாறு. ஆகவே இந்த விஷயத்தையும் வரலாறாகவே சொல்லப் பார்க்கிறேன்.

இன்னொருவர் படைத்த பாத்திரத்தை எடுத்து, நமக்குப் பிடித்த மாதிரி கதையைத் தொடர்ந்து எழுதுவதற்கு இப்போது ரசிகர் புனைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1967இல் அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் கைச்சஞ்சிகை போட்டதிலிருந்து அதன் கதையைத் தொடங்குவார்கள். எழுதியவர்களில் பெண்கள்தான் கூட. அது சரி. ஆனால் அதற்கு எத்தனையோ நூறு வருடம் முந்தியே நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும்.

என் உம்மும்மா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. குர்ஆன் ஓதத் தெரியும், அதனால் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியும். தமிழை அரபு எழுத்தில் எழுதினால் அதுதானே. அந்தக் காலத்தில் நம் பெண்கள் நிறையப் பேருக்கு வாசிப்பு அந்தக் கதவால்தான் வந்தது. மழை நாளில் அவர் சொல்லும் கதை யூசுப் நபியும் ஸுலைகாவும். குர்ஆனில் அந்தப் பெண்ணின் பெயரே கிடையாது. அஸீஸின் மனைவி, அவ்வளவுதான். தன் தவறை அவள் ஒத்துக்கொண்ட பிறகு என்ன ஆனாள் என்ற செய்தியும் இல்லை. கவிஞர்களால் அதை அப்படியே விட முடியவில்லை. பாரசீகக் கவிஞர் ஜாமி 1483இல் எழுதிய காவியத்தில் ஸுலைகா சின்ன வயதிலேயே யூசுபைக் கனவில் காண்கிறாள். பிறகு சொத்து சுகம் இழந்து, கண்பார்வை போய், கிழவியாகி, கடைசியில் இளமை திரும்பி அவரையே மணக்கிறாள். அந்தக் கதைதான் பல மொழிகளில் பரவி, கிஸ்ஸாவாகத் தமிழுக்கும் வந்தது.

ஆலிம்கள் இதை ஏற்பதில்லை, ஆதாரமில்லாத செய்தி என்பார்கள். நான் மறுக்கவில்லை. மார்க்கமாக எடுக்கக் கூடாது என்பது சரி. உம்மும்மாவும் கதை முடிந்ததும் "இது கித்தாபில இல்ல மகள், கதை" என்று சொல்லித்தான் எழும்புவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அலி (ரலி) அவர்களின் மகன் முஹம்மத் ஹனபிய்யா இன்னொரு உதாரணம். வரலாற்றில் அவர் அமைதியான மனிதர், சண்டை சச்சரவை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவர். கதைகளில் அவர் பெரும் போர்வீரர். 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தைய இரவு, மலாய் வீரர்கள் கேட்கக் கேட்டு வாங்கிப் படித்தது அவர் கதையைத்தான் என்று மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. வங்காளத்தில் அவருக்கு ஜைகூன் என்று ஒரு வீராங்கனையைக் காதலியாக்கிக் கொடுத்தார்கள். தமிழில் அவள்தான் ஸைத்தூன். ஸைத்தூன் கிஸ்ஸா நம் பெண்கள் ராகம் போட்டுப் படித்த கதை. அந்த மனிதரின் வாழ்க்கையில் இப்படி ஒருத்தி இருந்ததற்குச் சான்று இல்லை. கதைக்கு வேண்டியிருந்தது, வந்தாள்.

முஸ்லிம்களுக்குக் காதல் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் 1885இல் வந்த அஸன்பே சரித்திரம். எழுதியவர் கண்டி சித்தி லெப்பை. நம் பிள்ளைகளின் படிப்புக்காகவே உயிரை விட்ட மனிதர். சாகசமும் காதலும் கலந்த கதைதான் அது.

இப்போது என் உம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

உம்மாவின் வாப்பாவுக்கு யட்டியாந்தோட்டை டவுனில் ஒரு சின்னக் கடை. சாமான் சுற்றுவதற்குப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். அதில் கல்கி இருக்கும், குமுதம் இருக்கும், ஆனந்த விகடன் இருக்கும். பருப்புச் சுற்றுவதற்கு முன் உம்மா அதைப் பிரித்துத் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து எடுத்துவிடுவார். உம்மாவின் கூட்டாளி ஒருவர், மேல் தோட்டத்து லயத்துப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டால் கடைப் பின்பக்கம் வந்துவிடுவார். இரண்டு பேரும் சேர்ந்து அப்படிப் பொறுக்கி வாசித்ததுதான் பொன்னியின் செல்வன். நடுவில் எத்தனையோ அத்தியாயம் இல்லை. இல்லாததை ஒருவருக்கொருவர் கற்பனையாகச் சொல்லி நிரப்பிக்கொண்டார்களாம்.

கல்கி அதை 1950இல் தொடங்கி 1954இல் முடித்தார். அதில் வரும் குந்தவை, வந்தியத்தேவன் காதலுக்கு வரலாற்றில் இருக்கும் ஆதாரம் என்ன தெரியுமா? ராஜராஜனின் அக்கா குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று சொல்லும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. அவர்கள் எங்கே சந்தித்தார்கள், என்ன பேசினார்கள், எதுவும் கிடையாது. ஒரு கல்வெட்டு வரியின் மேல் ஐந்து பாகம். என் கணக்கில் கல்கியும் ரசிகர்தான். பழைய கல்வெட்டின் ரசிகர்.

வரலாற்று ஆசிரியை என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் பாகத்தில் இளவரசர் அருள்மொழிவர்மர் நம் இலங்கைக்கு வருகிறார், பௌத்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கச் சொல்கிறார். உண்மையில் 993 அளவில் அவருடைய படை வந்த பிறகு அனுராதபுரம் தலைநகராகவே இல்லாமல் போனது. பக்கத்து வகுப்பில் சிங்களப் பிள்ளை படிக்கும் ராஜராஜன் வேறு, நாம் உருகி உருகி வாசிக்கும் ராஜராஜன் வேறு. கதை இனிமையாக இருப்பதால் இதை மறந்துவிடக் கூடாது. வகுப்பில் நான் இரண்டையும் சொல்லிக் கொடுப்பேன்.

உம்மாவுக்கு ராஜராஜனும் முக்கியமில்லை, குந்தவையும் முக்கியமில்லை. மணிமேகலைதான். கடம்பூர் மாளிகைப் பெண், வந்தியத்தேவனை மனதில் வைத்தவள். அவனைக் காப்பாற்ற, செய்யாத கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள். கடைசியில் புத்தி பேதலித்து, அவன் மடியில் உயிரை விடுகிறாள். ஐந்தாம் பாகத்தை உம்மா ஓர் ஆசிரியரிடம் இரவல் வாங்கி வாசித்தாராம். வாசித்து முடித்த அன்று இரவு சாப்பிடவில்லையாம். வாசகர்கள் கல்கியையே கேள்விகளால் துளைத்து எடுத்தார்கள், அவர் முடிவுரையில் அதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். உம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை.

அந்த நேரத்தில்தான் பத்திரிகை வருவதும் குறைந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க, இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். உள்நாட்டு எழுத்தாளர்களும் அதைக் கேட்டிருந்தார்கள். அதனால் நன்மையும் நடந்தது, வீரகேசரிப் பிரசுரமாக நம் நாட்டு நாவல்கள் வரிசையாக வந்தன. அப்போது நிதியமைச்சர் யார்? நம் தொகுதி எம்.பி. கலாநிதி என்.எம். பெரேராதான். அவரைத் தோட்டப் பக்கத்தில் இன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர் தொகுதியிலேயே ஒரு கடையின் பின்பக்கத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கதை நின்றுபோனது.

நின்றால் என்ன, எழுதுவோம் என்று தொடங்கிவிட்டார்கள். ஒரே கொப்பி. ஒரு கிழமை உம்மா, ஒரு கிழமை கூட்டாளி. மணிமேகலை சாகவில்லை, மயக்கம்தான். பூங்குழலி அவளைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டு வருகிறாள். களனி கங்கையில் ஏறி ஏறி, கடைசியில் மணிமேகலை நம் யட்டியாந்தோட்டைக்கே வந்து சேர்ந்துவிட்டாளாம்! இதைச் சொல்லும்போது உம்மா இப்போதும் வாயைப் பொத்திச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு சண்டை. மணிமேகலைக்கு நல்ல மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும் என்பது உம்மாவின் கட்சி. கூட்டாளி விடவில்லை. "அவளுக்கு எதுக்கு இன்னொரு ஆம்பள? குந்தவை மாதிரி ஒரு ஆஸ்பத்திரி கட்டட்டும். லயத்துல ஒரு ஆஸ்பத்திரி இல்லாம எவ்வளவு கஷ்டப்படுறோம்" என்றாராம். அந்த வயதுப் பிள்ளை சொன்னது.

முடிவு எழுதவில்லை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு எடுப்பது, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் சனம் வாடிய அந்த வருடங்களில்தான் கூட்டாளியின் குடும்பத்துக்கும் கடிதம் வந்தது. தலைமன்னார் போய், கப்பலேறி ராமேஸ்வரம். போகும்போது கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை.

"கொப்பிய நீங்க வெச்சிக்கொள்ளலியா உம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "அவளுக்குக் கொண்டு போக வேற என்ன இருந்திச்சு?" என்றார்.

என் சொந்த ரசனையையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாகப் பிறகு பலர் எழுதினார்கள். விக்கிரமனின் நந்திபுரத்து நாயகியை நான் மூன்று தரம் வாசித்திருக்கிறேன், அந்தக் காதலர்களை விட்டுப் பிரிய மனமில்லாதவர் எழுதியது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம், பெரிய உழைப்பு, ஆனால் எனக்கு அதில் காதலைவிடக் கல் அதிகம். மணிரத்னத்தின் படம் 2022இல் வந்தபோது நாட்டில் கடதாசி இல்லாமல் பரீட்சையே தள்ளிப்போயிருந்தது. செலாவணி இல்லாமல் இரண்டாம் தரம் வாசிப்புக்குப் பஞ்சம். இந்த முறை பிள்ளைகள் கையில் போன் இருந்தது. குந்தவையையும் வந்தியத்தேவனையும் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு வீடியோ செய்தார்கள். என்ன செய்தாலும் எனக்கு எழுத்துத்தான் பிடிக்கிறது. அதிலும் மூலக்கதையில் ஓரமாக நின்றவளுக்கு யாராவது இடம் கொடுத்திருந்தால் உடனே வாசிப்பேன்.

அதனால்தான் அந்தப் பிள்ளையின் கொப்பியை ஒரே மூச்சில் வாசித்தேன். எர்துருலைப் பற்றியும் வரலாறு அதிகம் பேசவில்லை. அவருடைய மகன் உஸ்மான் அடித்த நாணயமொன்றில் தந்தையின் பெயர் எர்துருல் என்று இருக்கிறது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் பின்னாளில் எழுதிய கதைகள்தான். அங்கே ஒரு நாணயம், தஞ்சாவூரில் ஒரு கல்வெட்டு. ஹலீமாவுக்கு இந்தப் பிள்ளை கொடுத்ததைவிட நாடகக்காரர்கள் பெரிதாக ஆதாரம் வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

உம்மாவுக்கு இப்போது கண் சரியில்லை. மூன்று இரவு நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது இரவு, "இந்தப் புள்ள ஹலீமாவ வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கு, வெளிய விடச் சொல்லு" என்றார். கூட்டாளியின் கட்சிக்கு மாறிவிட்டார் போலிருக்கிறது.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விஞ்ஞானக் கொப்பியில் எழுத வேண்டாம் என்று தனியாக ஒன்று வாங்கியும் கொடுத்தேன். றகர, ரகரப் பிழைகளுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறேன், அதில் இரக்கம் காட்டவில்லை. உம்மா சொன்னதையும் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டீச்சர், அப்ப அவவ குதிரையில அனுப்பவா?" என்று கேட்டது.

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் இந்தப் பதிவை அங்கே அனுப்பி வையுங்கள். எழுபதுகளில் யட்டியாந்தோட்டையிலிருந்து போன ஒருவர், இப்போது அறுபத்தைந்து எழுபது வயது இருக்கும், மணிமேகலை கதை எழுதிய ஒரு பழைய கொப்பி வைத்திருந்தால், கடைக்கார வீட்டு மகள் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி கட்டுவதில் உம்மாவுக்கு இப்போது ஆட்சேபணை இல்லை.