கடைசி வரிசைக்குக் கேட்குதா?

சோழபுரத்துல கோயில் பொங்கல். ராத்திரி 'வள்ளி திருமணம்' நாடகம். கடைசி வரிசையில் ஒரு பாட்டி சொன்னார்: "சத்தம் காதைப் பொளக்குது தம்பி, என்ன பாடுறாங்கன்னுதான் விளங்கல."

இதே நாடகத்தில் மைக் இல்லாமலே கொட்டகையின் கடைசி ஆள் வரை கேட்கப் பாடியவர், 1906-ல் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா. 1933-ல், 27 வயதிலேயே இறந்துட்டார். அவர் பலம் உச்சஸ்தாயி. ஏன்னா நம்ம காது கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. சொல்லைப் புரியவைக்கிற மெய்யெழுத்து ஓசைகளில் பலவும் அங்கதான் இருக்கு.

பின்னாடி வந்த கூம்பு ஸ்பீக்கரும் அப்படித்தான். பேஸ் கிடையாது, கரகரன்னு இருக்கும். ஆனா வார்த்தை ஊர் எல்லை தாண்டும். இன்னைக்குப் பெரிய பாக்ஸ் வந்தாச்சு. பேஸில் வார்த்தை முங்கிப்போகுது.

மைக்செட் அண்ணனைக் கடைசி வரிசைக்குக் கூட்டிட்டு வந்தேன். ஒரு நிமிஷம் நின்னு கேட்டார். திரும்பிப் போய் வால்யூமைக் கூட்டல. பாடுற மைக்கில் பேஸையும், கூடவே ஆர்மோனியத்தையும் குறைச்சார்.

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்னைக்குக் கிட்டப்பா தொண்டை செஞ்ச வேலை, இன்னைக்கு மைக்செட்காரர் காதுகிட்ட வந்திருக்கு. அதனால சவுண்ட் பார்க்கிறவங்க மேடைப் பக்கமே நிக்காதீங்க, ஒருதடவை கடைசி வரிசை வரை நடங்க.